பெற்றோல் விலையும் தூரக் கணக்கும்

உப்பு விளையும் ஊரில் உப்பு மலிவு. உப்பளம் இல்லாத மலைநாட்டில் அதன் விலை கூடுதல். ஏற்றிச் செல்லும் கூலியே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது வணிக நூல் கல்லாதாரும் அறிந்த உண்மை. பெற்றோலின் விலை இடத்துக்கிடம் மாறுபடுவதையும் பலர் இவ்வாறே விளங்கிக்கொள்வர். எண்ணெய்க் கிணற்றுக்கு அண்மையில் வாழ்வோர் குறைந்த விலை கொடுப்பதும், சேய்மையில் வாழ்வோர் கூடிய விலை கொடுப்பதும் இயற்கை என்பது அவர்தம் எண்ணம். ஆயின் இருபதாம் நூற்றாண்டின் எண்ணெய் வணிக வரலாற்றை ஆராயுமிடத்து, இவ்வெண்ணம் ஒருபுடையே உண்மை என்பது புலப்படும். தூரத்தை எவ்விடத்திலிருந்து அளப்பது, அத்தூரத்துக்குரிய கூலியை எவர் தலையிற் சுமத்துவது என்னும் இரு வினாக்களுக்கும் விடை வகுத்தது இயற்கையன்று. அதிகாரம் படைத்த மனிதரே.

1901ஆம் ஆண்டில் தெக்சாசு மாநிலத்தின் ஸ்பிண்டில்ரொப் என்னும் குன்றில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. அதன் பின்னர் மெக்சிக்கோ விரிகுடாவின் அமெரிக்கக் கரை உலகின் தலையாய எண்ணெய் ஏற்றுமதித் தளமாயிற்று. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், அவ்விரிகுடாத் துறைகளில் நிலவிய விலையே உலக விலைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. எந்நாட்டில் எண்ணெய் விற்கப்படினும், மெக்சிக்கோ விரிகுடா விலையோடு அங்கிருந்து அந்நாட்டுக்கு வரும் கப்பற் கூலியையும் கூட்டி விலை கூறினர். எண்ணெய் உண்மையில் எங்கிருந்து வந்தது என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பாரசீகத்தின் அபடான் சுத்திகரிப்பு நிலையம் 1912இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து பம்பாய்க்கு உள்ள கடல்வழியிலும், தெக்சாசுக் கரையிலிருந்து பம்பாய்க்கு உள்ள கடல்வழி ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது. அடிப்படை விலை 10 எனவும், தெக்சாசிலிருந்து வரும் கூலி 6 எனவும், அபடானிலிருந்து வரும் கூலி 1 எனவும் பேச்சுக்காகக் கொள்வோம். அபடான் எண்ணெயை வாங்கும் பம்பாயார் கொடுப்பது 11 அன்று, 16. எஞ்சிய 5, ஓடாத கப்பலுக்குக் கொடுத்த பொய்க் கூலியாகும். கிணற்றுக்கு அண்மையில் இருந்தவரே இம்முறையினால் மிகுதியும் நட்டமடைந்தனர் என்பது வியப்புக்குரியது.

இத்தகைய ஏற்பாடு நிலைத்ததற்குக் கொம்பனிகளின் ஒற்றுமையே காரணம். 1927இல் நியூயோர்க் ஸ்ராண்டட் ஓயில் கொம்பனி சோவியத்து நாட்டு மண்ணெண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்றது. அதனாற் சினங்கொண்ட றோயல் டச்சு ஷெல் கொம்பனி இந்தியச் சந்தையில் விலையை வெட்டியது. இப்போட்டி பிற நாடுகளுக்கும் பரவக் கண்ட பெருங் கொம்பனிகளின் தலைவர்கள், 1928ஆம் ஆண்டு செத்தெம்பரில் ஸ்கொத்துலாந்திலுள்ள அக்னக்கரி மாளிகையிற் கூடினர். அவரவர் சந்தையை அவரவர் வைத்துக்கொள்வதென ஆங்கு உடன்பட்டனர். போட்டி அடங்கவே, அடிப்படைத் துறையை ஒட்டிய விலைமுறை உறுதிபெற்றது.

இம்முறையை முதலில் அசைத்தது அடிமை நாடுகளின் முறையீடன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் அபடானில் விளைந்த எண்ணெய்க்கே பொய்க் கூலி செலுத்தி வந்தன. பாரசீக எண்ணெய்க் கொம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை 1914 முதல் பிரித்தானிய அரசே உடைத்தாயிருந்தும் இந்நிலை நீடித்தது. 1944இல் பிரித்தானியக் கணக்காய்வாளர் தலைவர் இதனை வினாவிய பின்னரே, பாரசீக விரிகுடாவும் தூரத்தை அளக்கும் இரண்டாவது தளமாக ஏற்கப்பட்டது. எனினும் அங்குக் குறித்த அடிப்படை விலை அமெரிக்க விலைக்குச் சமமாகவே தொடக்கத்தில் வைக்கப்பட்டது. உற்பத்திச் செலவு குறைந்ததன் பயன் வாங்குவோரைச் சேரவில்லை. 1952இல் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவினது அறிக்கை வெளிவந்தபோது, இக்கணக்குகள் பொதுமக்களின் பார்வைக்கு வந்தன.

சுதந்திரம் பெற்ற நாடுகள் இவ்வழக்கை எவ்வாறு எதிர்கொண்டன என்பது அடுத்து நோக்கற்பாலது. இந்தியாவில் உள்நாட்டிற் சுத்திகரித்த எண்ணெய்க்கும், அது வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியிருந்தால் என்ன விலையாகுமோ அவ்விலையே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 1961இல் தாம்லே குழு இவ்விலையை ஆராய்ந்தபோதும் அதன் அடிப்படை மாறவில்லை. கிருட்டிணசுவாமி குழு 1976இல் அளித்த அறிக்கையின் பின்னரே, உற்பத்திச் செலவை ஒட்டிய நிருவாக விலைமுறை 1977இல் நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்துக் கூலியின் ஒரு பகுதி பொது நிதியிற் சேர்த்துச் சமப்படுத்தப்பட்டது. 2002 ஏப்பிரல் 1ஆம் நாள் அம்முறை நீக்கப்பட்டது. 2017இல் நாடு முழுதும் ஒரே பொருள் சேவை வரி வந்தபோது பெற்றோல் அதில் அடங்கவில்லை. ஆதலின் அங்கு மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறுபடுவதற்குத் தூரத்தினும் வரியே பெருங் காரணமாயிற்று.

இலங்கையில் ஷெல், கல்ரெக்ஸ், எஸ்ஸோ என்னும் அயல்நாட்டுக் கொம்பனிகளே எண்ணெய் வணிகத்தை நடத்தி வந்தன. சோவியத்து நாட்டிலிருந்து மலிவாக எண்ணெய் பெறும் வாய்ப்பிருந்தும் அவை விலையைக் குறைக்க இசையவில்லை. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. கொம்பனிகளின் உடைமைகள் கையேற்கப்பட்டன. நட்டஈட்டுப் பிணக்குக் காரணமாக 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் பொருளுதவியை நிறுத்தியது. 1965இல் இணக்கம் ஏற்பட்டது. 1969இல் சப்புகஸ்கந்தையிற் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது. விலையை எவ்விடத்திலிருந்து அளப்பது என்னும் அதிகாரம் இவ்வாறு கொழும்புக்கு வந்தது.

ஆயினும் அதிகாரம் தலைநகருக்கு வந்துவிட்டதனால் நாட்டின் கடைக்கோடிக்கு நீதி கிட்டிவிடும் எனக் கொள்ளல் தவறு. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் கொண்டுசெல்லல் தடை செய்யப்பட்டது. அரசு அறிவித்த விலை ஏட்டில் இருந்தது, பெற்றோல்தான் இல்லை. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அம்மண்ணெண்ணெயும் தாராளமாய்க் கிடைத்ததில்லை. கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் அளவே தொலைவான குடாநாடு, எண்ணெய்க் கணக்கில் கடல் கடந்த தீவினும் சேய்மையதாயிற்று. விலையை மட்டும் ஒழுங்கு செய்து, பொருள் சென்று சேர்வதை உறுதி செய்யாத சட்டம் அரைச் சட்டமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

எங்கும் ஒரே விலை என்பதும் செலவற்ற அறமன்று. சேய்மையில் உள்ளாரது கூலியில் ஒரு பங்கை அண்மையில் உள்ளார் சுமக்கின்றனர். அல்லது அரசு கடன்பட்டுச் சுமக்கின்றது. ஒரு நாட்டு மக்கள் தமக்குள் இச்சுமையைப் பகிர்ந்துகொள்ளல் தகும். எனினும் கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும். பொய்க் கூலி பல ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் அதன் நியாயம் அன்று. அதனைக் கூட்டிப் பார்த்தவர் இல்லாமையே. அதனை அசைத்ததும் படைபலமன்று. ஒரு கணக்காய்வாளர் எழுப்பிய வினா. வரலாறு பயிலும் மாணவர், விலைப்பட்டியலைக் காணுந்தோறும், இது எவ்விடத்திலிருந்து அளந்த தூரம் என வினாவப் பழகுவாராக.