தலைக்கணக்கின் விலை

ஜனங்களை எண்ணுவதற்கும் பிறப்பு இறப்பைப் பதிவதற்கும் சர்க்கார் பெரும் பணம் செலவிடுகிறதென்றால், "இதற்கும் ஒரு செலவா?" என்று கேட்பவர் நம்மவரில் பலர். எண்ணிவிட்டால் அரிசி விலை குறையுமா, கூலி உயருமா என்பது அவர்கள் வாதம். முற்றும் தவறான வாதமன்று அது. ஆயினும் எண்ணும் செலவை மட்டும் நிறுத்துப் பார்த்து, எண்ணாமல் விட்டதனால் நேர்ந்த நஷ்டத்தைத் தராசின் மறுதட்டில் வையாமல் தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. அந்நஷ்டம் யாருக்கு நேர்ந்தது என்று தேடுவோர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மலாய் நாட்டுத் தோட்டத் தமிழரின் சரித்திரமே போதும்.

1891-ம் வருஷத்துக் குடிமதிப்பில் பேராக்கின் ஜனத்தொகை 214,254. 1901-ல் 329,665. 1911-ல் 494,057. முதலில் ஈயமும் பின்னர் ரப்பரும் கூட்டிய கூட்டம் இது. தோட்டங்களிலோ குடிமதிப்புக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி செக்குரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவன் யார், வராதவன் யார் என்பது அன்றன்றே ஏடேறிவிடும். தமிழரை இந்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவுக்கென 1907-ல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு, எத்தனை ஆள் எத்தனை நாள் வேலை செய்தனர் என்ற கணக்கின்படியே முதலாளிகள் பணம் கட்டினர். ஆகவே இக்கணக்கு நம்மீதுள்ள அன்பினால் பிறந்ததன்று. எனினும் எழுதிவைத்த எண், எழுதியவன் எண்ணாத காரியத்துக்கும் சில வேளை பயன்பட்டுவிடுகிறது.

1911-ம் வருஷத்தில் ஐக்கிய மலாய் நாடுகளின் தோட்டங்களிலிருந்த இந்தியத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு 62.9 பேர் மாண்டனர் என்று சர்க்கார் கணக்கே கூறிற்று. அதாவது ஓராண்டில் ஏறக்குறையப் பதினாறு பேருக்கு ஒருவர்! லயத்தில் ஒரு பிணம் விழுந்தால் அது ஒரு குடும்பத்தின் துயரம். துரை அதை விதியென்று சொல்லி நகர்ந்துவிடலாம். 62.9 என்று அச்சேறிய பிறகு அப்படி நகர இயலாது. மலேரியா ஆலோசனைச் சபை ஏற்பட்டது அவ்வருஷத்திலேயே. 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் மரண விகிதம் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது.

இதற்கு முன்மாதிரி தெற்கே சிலாங்கூரில் நடந்தது. 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினாலன்றி ஜுரம் ஒழியாதென வற்புறுத்தினார். வடிகாலுக்குப் பணம் கேட்டால் பலன் என்ன என்று கேட்பார்களல்லவா? கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய இரண்டிடங்களிலும் சேர்ந்து 1901-ல் 582 மரணம். வடிகால் வெட்டிய பின் 1902-ல் 144. மரணப் பதிவேடு இல்லாதிருந்தால் வாட்சனின் வாதம் ஒரு டாக்டரின் அபிப்பிராயமாகவே நின்றிருக்கும். பதிவேட்டுக்கு ஆன செலவு ஒரு குமாஸ்தாவின் சம்பளமும் சில ரீம் காகிதமும். இக்காலத்து நிபுணர்கள் இத்தகைய பயனைப் பணமாகவே கணித்துப் பார்க்கின்றனர். குடிமதிப்பில் இடும் ஒரு டாலருக்கு ஐந்து டாலர் நிகர லாபம் நாட்டுக்குத் திரும்புகிறதென்று நியூஸிலாந்தில் 2014-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. கிள்ளானில் அந்த விகிதம் என்னவாயிருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆசையாயிருக்கிறது.

ஆனால் பேனா யார் கையிலிருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். 1920-க்குப் பின் இந்தியக் குடியேற்றக் கமிட்டியார், ஒரு தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு துணி வேண்டுமென்று பட்டியல் போட்டு நிர்ணயக் கூலி வகுத்தனர். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அக்கணக்கின் விடை. 1930-ல் ரப்பர் விலை சரிந்தவுடன் கூலியும் குறைக்கப்பட்டது. தொழிலாளியின் வயிறு அவ்வருஷத்தில் சுருங்கிவிடவில்லை; கணக்குப் போட்டவர் சௌகரியமே மாறிற்று.

எண்ணாமல் விட்ட கதைக்கு இனி வருவோம். முறைப்படி 1941-ல் வரவேண்டிய குடிமதிப்பு யுத்தத்தினால் நடைபெறவில்லை. 1942-ல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையைத் தொடங்கினர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும், வலிந்து லாரியில் ஏற்றியும் கொண்டுபோகப்பட்டவர் சுமார் 75,000 பேரென்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. அவருள் மிகுதியானோர் தமிழர்.

அப்பாதையில் 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டு யுத்தக் கைதிகளும் வேலை செய்தனர். அவருள் 12,000-க்குச் சற்று மேற்பட்டோர் மாண்டனர். பட்டாளத்துப் பெயர்ப்பட்டியல் அவர்களுக்கு இருந்தது. முகாமிலும் சிலர், அகப்பட்டால் தண்டனை என்றறிந்தே, இறந்தவர் பெயரையும் நாளையும் துண்டுக் காகிதத்தில் எழுதிப் புட்டியிலிட்டுப் புதைத்துவைத்தனர். புள்ளிவிவரத்துக்கு மனிதர் கொடுக்கத் துணிந்த விலைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. இன்று காஞ்சனபுரி மயானத்தில் சுமார் 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு, வரிசையாக நிற்கின்றன.

ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் எத்தனை பேர்? 80,000 என்பாரும் உண்டு. 100,000-க்கு மேலென்பாரும் உண்டு. அம்மதிப்புகளுக்கிடையேயுள்ள வித்தியாசம் மட்டுமே, மாண்ட வெள்ளைச் சிப்பாய்கள் எல்லோருடைய தொகையையும் விஞ்சிவிடுகிறது! நாள் தவறாமல் பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்ட ஜனங்களுக்கு நேர்ந்த கதி இது. கூலி கொடுக்க வேண்டியிருந்தவரையில் பெயர் ஏட்டிலிருந்தது.

1931-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாக இந்தியர் 624,009 பேர். 1947-ல் 599,616 பேர். ஊர் திரும்பியவர், பட்டினியில் இறந்தவர், சயாமில் விழுந்தவர், இங்கேயே பிறந்தவர் எல்லோரும் இவ்விரண்டு எண்களுக்கிடையே கலந்து கிடக்கின்றனர். அவர்களைப் பிரித்தெடுக்கும் ஏடு எந்த ஆபீஸிலும் இல்லை. சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் தஞ்சோங் மாலிமிலும், தோட்டம் விட்டுப் பட்டணத்து ஓரங்களில் குடியேறிய வீடுகளில், "சயாமுக்குப் போனவர்" என்று ஒரு தாத்தாவையோ சித்தப்பாவையோ பற்றிய பேச்சு இன்னும் இருக்கிறது. பெயர், தோட்டம், போன வருஷம், திரும்பினாரா இல்லையா என்ற நான்கே கேள்விகள். சொல்லக்கூடியவர்கள் தொண்ணூறு வயதை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். வாலிபர் சங்கங்கள் முதலில் செல்லவேண்டியது அவர்களிடமே.