அரியலூர்ப் பாறைகளும் லே நகரத்து நினைவுக்கல்லும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலம் மேற்கே பச்சைமலையை ஒட்டிய பழம்பாறைகளில் தொடங்கி, கிழக்கே கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த வெளியில் முடிகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம், ஓதியம், கருடமங்கலம், அரியலூர், செந்துறை முதலிய ஊர்களைச் சுற்றி, முன்னொரு காலத்தில் கடலடியில் படிந்த களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணக்கல்லும் இன்று தரைமட்டத்தில் வெளித்தெரிகின்றன. ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தை நிலவியலார் கிரெட்டேசியஸ் என்பர். டைனோசர்கள் வாழ்ந்த இறுதிக் காலமும் அதுவே. அக்காலத்தின் பிற்பகுதியில் இக்கடல் இங்கே பலமுறை ஏறியும் இறங்கியும் விட்டுச்சென்ற படிவுகள், கீழிருந்து மேலாக ஊட்டத்தூர் வகுப்பு, திருச்சிராப்பள்ளி வகுப்பு, அரியலூர் வகுப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் நிலைபெற்றதற்குக் காரணம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலத்தை ஓடை ஓடையாக, மேடு மேடாக நடந்தே அளந்த ஒரு சிறு கூட்டமாகும். அக்கூட்டம் தன் உறுப்பினருள் மிகத் தேர்ந்த ஒருவரை 1874இல் இமயத்துக்கு அப்பால் இழந்தபோது எவ்வாறு துக்கம் காத்தது என்பதும் இந்நிலத்தின் வரலாற்றைச் சேர்ந்ததே.

உழும்போது கிளிஞ்சல் வடிவக் கற்கள் வெளிப்படுவது இப்பகுதி உழவர்க்குப் பழகிய ஒன்றாக இருந்தாலும், அவை நிலவியலாரின் கவனத்துக்கு வந்தது 1840களில்தான். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் ஆகிய இருவர் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் புதுச்சேரியை அடுத்தும் திரட்டிய புதைபடிவங்கள் (பாறைக்குள் கல்லாகிப்போன பழைய உயிர்களின் எச்சங்கள்) லண்டனுக்கு அனுப்பப்பட்டன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். முறையான அளவை அதற்குப் பின்னரே நிகழ்ந்தது. 1851இல் தாமஸ் ஓல்டுஹாம் தலைமையில் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் சார்பில் ஹென்றி பிளான்ஃபோர்டு 1850களின் இறுதியில் இங்கு வந்து, அடுத்தடுத்த பருவங்களில் நிலத்தை அளந்து, 1862இல் தம் அறிக்கையை வெளியிட்டார். மேலே சொன்ன மூவகைப் பகுப்பு அவர் வகுத்ததே. இப்பகுதியைச் சேர்ந்த கல்லமேட்டில் பேருடல் ஊர்வனவற்றின் எலும்புகள் கிடைப்பதையும் அவரே முதலில் பதிவு செய்தார்.

அந்நாளைய நிலவியல் அளவை என்பது முதன்மையாக ஒரு நடைத்தொழில். மழை ஓய்ந்த பின் தொடங்கி, வெயில் முற்றுவதற்குள் முடியும் பருவத்தில், சுத்தியல், திசைகாட்டி, பாறைப் படுகையின் சாய்வை அளக்கும் சாய்வுமானி, குறிப்பேடு, துணிப்பை ஆகியவற்றோடு அளவையர் புறப்படுவார். பாறைப்படுகை எந்தத் திசையில் எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்பதை ஓரிடத்தில் குறித்து, அதே படுகை மீண்டும் தலைகாட்டும் இடம்வரை நடந்து, இடையே கிடைத்த ஒவ்வொரு படிவத்துக்கும் ஊர்ப்பெயரை எழுதிவைப்பார். ஊர்ப்பெயர் எழுதப்படாத படிவம் எத்துணை அழகாயினும் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று சொல்ல இயலாது. ஆகையால் நடையே சான்றாக அமைந்தது. மருதையாற்றை ஒட்டிய ஓடைகளும், காரையைச் சூழ்ந்து மழைநீர் அறுத்துவிட்ட செம்மஞ்சள் களிமேடுகளும் இத்தொழிலுக்கு வாய்ப்பான இடங்கள். மரமும் மண்ணும் மூடாமல் படுகைகள் அங்கே வெறுமையாகக் கிடந்தன.

இவ்வாறு திரட்டப்பட்டுக் கல்கத்தா சென்ற படிவங்களின் பெரும்பகுதியைப் பெயரிட்டு வகைப்படுத்தும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவிடம் வந்தது. அவர் 1838 ஜூன் 7 அன்று, இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் பிறந்தவர். வியன்னாவில் எட்வர்ட் சூயஸ் முதலியோரிடம் பயின்று, ஆஸ்திரிய நிலவியல் துறையில் சிறிது காலம் பணியாற்றி, 1862இல் ஓல்டுஹாமின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்கள் பற்றிய நான்கு பெருந்தொகுதிகள் அவருடைய உழைப்பின் விளைவு. முதல் தொகுதியின் தொடக்கப் பகுதியைப் பிளான்ஃபோர்டு எழுதியிருக்க, எஞ்சியவற்றை அம்மோனைட்டுகள், நத்தையினங்கள், இருசிப்பி உயிர்கள், பவழங்கள், கடல்முள்ளிகள் எனப் பிரித்து 1873க்குள் ஸ்டோலிச்கா முடித்தார். அம்மோனைட்டு என்பது சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து, கிரெட்டேசியஸ் முடிவில் அற்றுப்போன கடலுயிர். அதன் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்ததால், ஒரு பாறையில் எந்த அம்மோனைட்டு உள்ளது என்பதைக் கொண்டே அப்பாறையின் காலத்தைக் கணிக்க முடிகிறது. ஓதியத்திலும் கருடமங்கலத்திலும் கிடைத்த ஓடுகளை ஐரோப்பிய ஓடுகளோடு ஒப்பிட்டு, திருச்சிராப்பள்ளிச் சீமையின் கடலும் ஐரோப்பாவின் கடலும் எவ்வெப்போது ஒத்த உயிர்களைக் கொண்டிருந்தன என்று காட்டியது அவருடைய பெரும்பணி. ஒரு தனிமனிதர் பத்தாண்டுக்குள் இதைச் செய்தார் என்பது இன்றைய ஆய்வாளருக்கும் வியப்பளிப்பது.

அதே பத்தாண்டில் அவர் இமயத்திலும் நடந்தார் என்பதை எண்ணினால் வியப்பு மிகும். 1864இல் மாலட் என்னும் துறைத்தோழரோடு சட்லஜ் பள்ளத்தாக்கின் வழியே ஸ்பிதிக்கும், அடுத்த ஆண்டு ருப்ஷு, ஜன்ஸ்கார், சூரு, திராஸ் ஆகிய பகுதிகளுக்கும் சென்று, இமயத்தின் படிவப் பாறைகளுக்கு முதல் ஒழுங்கான அடுக்குவரிசையை அமைத்தார். மூத், குலிங், லிலாங், கியுமால், சிக்கிம் என்று ஸ்பிதிச் சிற்றூர்களின் பெயரால் அவர் குறித்த பாறையடுக்குகள் (இங்குச் சிக்கிம் என்பது ஸ்பிதியின் ஊர், கிழக்கிமய மாநிலம் அன்று) இன்றும் அப்பெயர்களாலேயே வழங்குகின்றன. அவர் ஆராய்ந்த ஸ்பிதிக் களிப்பாறைகளை ஒத்த படுகைகளிலிருந்து நேபாளத்தின் கண்டகி ஆறு அரித்துக் கொணரும் அம்மோனைட்டுகளே, வைணவக் கோயில்களிலும் இல்லங்களிலும் சாளக்கிராமம் எனப் பூசிக்கப்படுபவை. அரியலூர்க்கல்லும் சாளக்கிராமமும் காலத்தால் வேறானவை எனினும் உயிர்வகையால் உறவுடையவை. பர்மா, அந்தமான், நிக்கோபார், பினாங்கு, கட்ச் ஆகிய இடங்களிலும் அவர் பாறையோடு பறவை, பாம்பு, நத்தை எனப் பலவற்றையும் திரட்டினார். வங்காள ஆசியக் கழகத்தின் இயற்கை வரலாற்றுச் செயலாளராகவும் பணியாற்றினார்.

1873இல் டக்ளஸ் ஃபோர்சைத் தலைமையில் காஷ்கர் நாட்டை ஆண்ட யாக்கூப் பேக்கிடம் அனுப்பப்பட்ட இரண்டாம் யார்க்கண்டு தூதுக்குழுவில் ஸ்டோலிச்கா இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்களும் நூற்றுக்கணக்கான சுமை விலங்குகளும் கொண்ட அக்குழு லேயிலிருந்து காரகோரத்தைக் கடந்து சென்றது. செல்லும் வழியிலேயே உயர்நிலத்தில் அவர் ஒருமுறை கடுமையாக நோயுற்றுத் தேறினார். அதன் பின்னும் ஓயாமல், குளிர்காலத்தில் தியான்ஷான் மலைகளின் சத்தீர்குல் ஏரிப் பக்கமும், 1874இன் வசந்தத்தில் கார்டன், டிராட்டர், பிடல்ஃப் ஆகியோருடன் பாமீர், வாக்கான் பகுதிகளிலும் நடந்தார். திரும்பும் வழியில் ஜூன் 16 அன்று ஏறத்தாழ 5,540 மீட்டர் உயரமுள்ள காரகோரக் கணவாயைக் கடந்தபோது தலைவலி அவரை வருத்திக்கொண்டிருந்தது. சுமை விலங்குகளின் எலும்புகள் வழியை அடையாளம் காட்டும் தெப்சாங் மேட்டுவெளியைத் தாண்டி, முர்கோ என்னும் தங்குமிடத்தில், 1874 ஜூன் 19 அன்று அவர் இறந்தார். 36 வயது நிறைந்து அப்போது 12 நாள்களே ஆகியிருந்தன.

அக்கால மருத்துவம் அதை மூளை, தண்டுவட உறை அழற்சி என்று பதிவு செய்தது. இன்றைய மருத்துவர்கள் உயர்மலை மூளைவீக்கம் என்னும் நிலையையே காரணமாகக் கருதுவர்: காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்த உயரத்தில் மூளைத் திசுக்களுள் நீர் கசிந்து வீங்கி, தலைவலியில் தொடங்கி மயக்கத்திலும் இறப்பிலும் முடியும் நோய் அது. உயர்மலை நோயின் நரம்புசார் வகையை ரேவன்ஹில் என்னும் மருத்துவர் ஆண்டிஸ் மலைச் சுரங்கப் பகுதியில் கண்டு 1913இல்தான் தெளிவாக எழுதினார். இன்று மலையேறுவோர் அனைவரும் அறிந்த விதி, அதாவது தலைவலி கண்டால் மேலே செல்லாமல் நிற்பதும், தணியாவிட்டால் உடனே இறங்குவதும், 1874இல் எவருக்கும் விதியாகத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் அவ்வழியில் பயன்பட்டிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. கணவாயைக் கடந்த பின்னும் பாதை நெடுந்தொலைவுக்கு உயரத்திலேயே செல்வதால், விரைந்து இறங்க அங்கே பள்ளத்தாக்கு இல்லை. பத்தாண்டு மலைப்பழக்கம் உடைய ஒருவரின் உடலும் இந்நோய்க்கு விலக்கன்று என்பதை அவருடைய இறப்பு காட்டியது. பழக்கம் மிகுந்தோரே முன்னறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் பணியைத் தொடரும் இயல்பினர் என்பதையும் அவ்விறப்போடு சேர்த்தே எண்ண வேண்டும்.

உடலைத் தோழர்கள் லே நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர். இந்திய அரசு அங்கே நினைவுத்தூண் ஒன்றை எழுப்பியது. பின்னாளில் காங்கிரஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராக அறியப்பட்ட ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அந்நாளில் தாம் நடத்திய பறவையியல் இதழில் நண்பருக்கு இரங்கல் எழுதினார். அடுத்த ஆண்டே மெல்கியோர் நியூமயர் என்னும் ஆஸ்திரிய ஆய்வாளர் ஓர் அம்மோனைட்டுப் பேரினத்துக்கு ஸ்டோலிச்கையா எனப் பெயரிட்டார். ஊட்டத்தூர் வகுப்புப் பாறைகளில் கிடைக்கும் உயிர்களுள் அதுவும் ஒன்று. ஒருவர் பெயரிட்டு வளர்த்த குடும்பத்திலேயே அவருடைய பெயரைச் சேர்த்துவைப்பது இத்துறையாரின் துக்க மரபு. வடதுருவக் கடலின் ஃபிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்திலும் ஒரு தீவு அவர் பெயரைத் தாங்குகிறது.

ஆயினும் பெயர்களைவிடப் பெரிதாகச் சொல்லத் தக்கது, அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளுக்கும் பெட்டிகளுக்கும் தோழர்கள் செய்த பணி. தமிழகத்துப் பழஞ்சாலைகளில், கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, இரு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி அமைக்கும் வழக்கம் இருந்தது. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாற அது பயன்பட்டது. இறந்தவரின் நினைவு வழிநடப்போர்க்குத் துணையாக வேண்டும் என்னும் இவ்வெண்ணத்துக்கு மிக நெருக்கமான ஒன்றையே ஸ்டோலிச்காவின் கூட்டமும் செய்தது. வில்லியம் பிளான்ஃபோர்டு அவருடைய நிலவியல் குறிப்புகளையும் பாலூட்டிகளையும், ஃபிரான்சிஸ் டே மீன்களையும், நெவில் நத்தையினங்களையும், பிறர் பூச்சிகளையும் பறவைகளையும் ஏற்றுக்கொண்டு, யார்க்கண்டு பயணத்தின் அறிவியல் முடிவுகளை 1878 முதல் 1891 வரை பகுதி பகுதியாக வெளியிட்டனர். வாலன்டைன் பால் 1886இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஒருவர் சில மாதங்களில் திரட்டியதைப் பலர் பதினேழு ஆண்டுகள் எடுத்து முடித்தனர்.

இத்துக்கத்தில் இடம்பெறாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரகோரத்தில் சுமை தூக்கியவர்கள், குதிரைகளை நடத்தியவர்கள், பறவைத் தோல்களைப் பதப்படுத்தியவர்கள், காரையிலும் ஓதியத்திலும் கல் கிடக்கும் ஓடையை அளவையருக்குக் காட்டிய ஊரார் ஆகியோரின் பெயர்கள் அத்தொகுதிகளில் அரிதாகவே காணப்படுகின்றன. விதிவிலக்காக அறியப்படுபவர் நைன் சிங் ராவத். அதே தூதுக்குழுவில் இணைக்கப்பட்டிருந்த அவர், ஸ்டோலிச்கா இறந்த மறுமாதமே, 1874 ஜூலையில், லேயிலிருந்து மாறுவேடத்தில் புறப்பட்டு லாசா வழியாக அசாம் வரை அளந்துகொண்டே நடந்தார். 1877இல் லண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது. பதக்கம் பெற்றவர் ஒருவர் என்றால், பதிவே பெறாதவர் பலர்; நடைத்தொழிலின் வரலாறு அவர்களைச் சேர்க்காமல் முழுமை பெறாது.

அரியலூர்ப் பகுதியில் அந்நடை நிற்கவில்லை. 1890களில் ஃபிரான்ஸ் காஸ்மாட் தென்னிந்திய அம்மோனைட்டுகளை மறு ஆய்வு செய்து, முன்னவரின் சில முடிவுகளைத் திருத்தினார். திருத்தப்படுவதும் இத்துறையில் மதிப்பின் அடையாளமே. தஞ்சைப் பகுதியில் பிறந்து பின்னர் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநரான எம். எஸ். கிருஷ்ணன், பெரம்பலூருக்கு அருகில் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை 1940இல் அறிவித்தார். கடலோரக் காட்டிலிருந்து அடித்துவரப்பட்டு, கடற்படிவில் புதைந்து கல்லான அம்மரம் இன்று தேசிய நிலவியல் சின்னமாகக் காக்கப்படுகிறது. கல்லமேட்டு எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் ஆராய்ந்து புருகத்காயோசாரஸ் என்னும் பேருடல் டைனோசரை அறிவித்தனர். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்றும் அமைந்துள்ளது.

எனினும் படிவங்களைச் சுமந்த அதே சுண்ணக்கல்தான் இப்பகுதியைச் சிமென்ட் ஆலைகளின் நிலமாகவும் ஆக்கியது. சுரங்கம் வெட்டியதால் முன்பு காணாத அடுக்குகள் வெளிப்பட்டு ஆய்வுக்கு உதவியதும் உண்மை. வெட்டப்பட்ட கல் ஆலைக்குள் சென்ற பின் மீள்வதில்லை என்பதும் உண்மை. ஸ்டோலிச்கா பெயரிட்ட இனங்களின் மூலப்படிவங்கள், அதாவது ஓர் இனத்தின் பெயர் எந்த மாதிரியை வைத்து இடப்பட்டதோ அம்மாதிரிகள், கொல்கத்தாவில் ஆய்வுத்துறையிடம் உள்ளன. அவற்றைச் சரிபார்க்க விரும்பும் மாணவர், அவை கிடைத்த ஊருக்கு வந்து, அதே படுகையில் மீண்டும் தேடியாக வேண்டும். ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சிப் படுகை போய்விட்டால் அந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை. சாத்தனூர் மரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, காரைக் களிமேடுகளுக்கும் ஓதியத்து ஓடைகளுக்கும் கல்லமேட்டுக்கும் உடனடியாகத் தேவைப்படுகிறது.