கொன்யூராற்றியோ: ஒரு சொல்லின் இருமுகம்

கூடி ஆணையிடுதலே 'கொன்யூராற்றியோ' என்னும் இலத்தீன் சொல்லின் முதற்பொருள். ஆயுதம் எடுக்கவோ, பகைவனைத் தாக்கவோ, குடிமகனைக் காக்கவோ அன்றி அணிநீங்கோம் என உரோம வீரர் முன்னர்த் தமக்குள் தாமே சூளுரைத்தனர் என்பார் லிவி. அதற்கு அவர் ஆள்வது இச்சொல்லின் வினையே. கி.மு. 216இல் இச்சூளுரை படையதிகாரிகள் முன்னிலையில் எடுக்கும் கட்டாய ஆணையாயிற்று.

கி.மு. 63இல் கற்றிலைன் செய்த சதியைச் சலஸ்ற் குறித்ததும் இச்சொல்லாலேயே. அகராதிகள் இவற்றை இருபொருளெனப் பிரிப்பது எமக்கு முற்றும் உடன்பாடன்று. மாறுவது ஆணையன்று, பெயரிடுவோர் நிற்கும் இடமே. 1070இல் பிரான்சின் லெ மான்ஸ் நகரமக்கள் ஆட்சியாளரின் கொடிய வரிகளை எதிர்த்து ஆணையிட்டு இணைந்தனர். அவர்கள் தம் கூட்டைக் 'கொம்யூன்' என்றனர். ஆயர்களின் வரலாறெழுதிய குருவோ அதைச் சதி என்றே பதிந்தார். விரும்பாத பிரபுக்களும் அவ்வாணையிற் பிணைக்கப்பட்டிருந்தனர்.