குருதி காட்டிய தடம்

ஒரு நோய் ஒரு நாட்டில் எப்போது புகுந்தது என்பதை மருத்துவமனை ஏடுகளைக் கொண்டே கணிப்பது பழைய வழக்கம். 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதப்பட்ட ஏட்டிலிருந்து எதனை அறிய இயலும்? குருதி அவ்வாறன்று. ஒரு நச்சுயிரி உடலுட் புகுந்து நீங்கிய பின்னரும், அதனை எதிர்த்துத் தோன்றிய எதிர்ப்பொருள் பல்லாண்டுகள் அங்குத் தங்கியிருக்கும்.

1952இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறநிறுவனமும் இணைந்து பூனாவில் நச்சுயிரி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. கொசுவும் உண்ணியும் பரப்பும் நோய்களை ஆராய்வதே அதன் தலையாய பணி. அக்காலத்தே நாட்டின் பல பகுதி மக்களிடமிருந்து குருதி பெறப்பட்டது. அதன் தெளிநீரை நச்சுயிரியோடு கலந்து வெள்ளெலிகளின் மூளையிற் செலுத்தினர். எலி மாண்டால் அக்குருதி அந்நச்சுயிரியை அறியாதது. பிழைத்தால் முன்னரே அறிந்தது. முறை எளிது, ஆயினும் எத்துணைப் பொறுமை வேண்டிய பணி!

நாகபுரிப் பகுதியிலும் தமிழகத்தின் செங்கற்பட்டிலும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குரிய எதிர்ப்பொருள் தென்பட்டது. இந்தியாவில் அந்நோயாளர் ஒருவரேனும் அதுவரை இனங்காணப்பட்டிலர். 1955இல்தான் வேலூரில் முதல் நோயாளர் கண்டறியப்பட்டனர். வயல்நீரிற் பெருகும் கொசு, கொக்கினின்றும் பன்றியினின்றும் அதனை மனிதர்க்குக் கொணர்கின்றது.

வியப்பிற்குரியது மற்றொன்று. கச்சு, சௌராட்டிரப் பகுதி மக்கள் சிலரின் குருதி, உருசிய நாட்டு உண்ணி பரப்பும் மூளைக் காய்ச்சலின் நச்சுயிரியை எதிர்த்தது. அக்குளிர்நாட்டுக் கிருமிக்கு இங்கென்ன வேலை? 1957இல், அப்பகுதிக்கு நெடுந்தொலைவில், கர்நாடகத்துச் சிமோகா மாவட்டத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. சிற்றூர் மக்களும் காய்ச்சலுற்றனர். மஞ்சட் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று அஞ்சினர். ஆராய்ந்தபோது, உருசிய நச்சுயிரிக்கு நெருங்கிய உறவுடைய புதியதொரு நச்சுயிரி வெளிப்பட்டது. அதனைப் பரப்பியது காட்டு உண்ணி.

இங்கு எச்சரிக்கையொன்று தேவை. ஒரு குடும்பத்து நச்சுயிரிகளை எதிர்ப்பொருள் எளிதிற் பிரித்தறியாது. டெங்குக் காய்ச்சல் கண்டவரின் குருதியும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கண்டதுபோற் சான்று கூறக்கூடும். எனவே ஒரே குருதியைப் பல நச்சுயிரிகளோடு ஒப்பிட்டு, எதனை மிகுதியாக எதிர்க்கின்றது எனக் காணல் வேண்டும். மேலும், அச்சான்று நோய் வந்து சென்றதைக் கூறுமேயன்றி, வந்த நாளைக் கூறாது. கியாசனூர் நோய் 2012இல் பந்திப்பூரிலும், பின்னர்க் கேரளத்து வயநாட்டிலும் வெளிப்பட்டபோது, புதிதாகப் பரவியதோ நெடுநாள் மறைந்திருந்ததோ என்னும் வினா மீண்டும் எழுந்தது.