மண்ணெண்ணெயில் ஓடிய வன்னியும் முற்றத்தில் சுரண்டிய கரியும்



போன கிழமை எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். இப்போது சொந்தமாக லொறி வைத்து நெல்லும் கல்லும் ஏற்றுகிறார். லொறி கரும்புகை தள்ளுகிறது, மேட்டில் இழுக்கவில்லை. "சேர், எஞ்சின் ஓடும்போதே காற்றுக் குழாய்க்குள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உள்ளே படிந்த கரி எல்லாம் கழன்று வந்துவிடுமாம். வீட்டிலேயே செய்யலாமா?" என்று கேட்டிருந்தார்.

செய்யவேண்டாம் என்று உடனே எழுதிவிட்டோம். காரணத்தைச் சொல்ல வெளிக்கிட்டால் அது எங்கள் வன்னியின் கதையாக நீள்கிறது. அதனால் இங்கே எழுதுகிறோம். மன்னிக்கவும், இது நீண்ட பதிவு.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு வடக்குக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, பசளை என்று தடைப் பட்டியல் வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாகச் சங்கக் கடைக்கு வரும், அட்டைக்குத்தான் தருவார்கள். அதே எண்ணெயில்தான் ஜாம் போத்தல் விளக்கும் எரிய வேண்டும், தோட்டத்து இறைப்பு மெசினும் ஓட வேண்டும், மோட்டார் சைக்கிளும் ஓட வேண்டும், ஏ40 காரும் ஓட வேண்டும். வன்னிக்கு அது 2002 வரை நீண்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காலத்தை நாங்கள் கண்ணால் காணவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களாகிய எங்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல் போனோம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் என்று எல்லா இடத்திலிருந்தும் போனவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தோம். ஊரில் வீட்டை விட்டோம், காணியை விட்டோம், சிலர் முற்றத்தில் நின்ற லொறியையும் விட்டோம். ஆகவே இங்கே எழுதுவது, 2009க்குப் பிறகு திரும்பி வந்து, அயலில் இருந்தவர்களிடம் கேட்டு அறிந்தது. அவர்கள் பட்டதை நாங்கள் அறியோம், நாங்கள் பட்டதை அவர்கள் அறியார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இரண்டுமே தெரியாது.

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார். அந்த நாளில் கராஜ் என்று பலகை போடாமல், மாமரத்தின் கீழே எஞ்சின் பார்த்தவர். அவர் சொன்னதைத்தான் நாங்கள் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறோம்.

பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் நேரடியாகக் குளிரில் பிடிக்காது. பெற்றோல் சாதாரண வெக்கையிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. ஆகவே ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் பெற்றோலைப் பொன்போல வைத்திருப்பார்கள். அதில் சில துளியைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். வழியில் நின்றுவிட்டால் மறுபடி போத்தல்தான். வெள்ளைப் புகை, கண் எரிவு, உடுப்பெல்லாம் மணம்.

இது எங்கள் ஆட்கள் மட்டும் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1949இல் இங்கிலாந்தில் பேர்குசன் கம்பனி விற்ற டி.ஈ.டி. 20 உழவு இயந்திரத்தில் தாங்கியே இரண்டு அறையாக இருந்தது. சின்ன அறையில் பெற்றோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மாற்ற வேண்டும். ஆனால் அந்த எஞ்சினை அதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் செய்திருந்தார்கள். வன்னியில் ஓடியவை அப்படிச் செய்யப்படாதவை. அதனால் விலையைக் கரியாகக் கொடுத்தன.

ஆவியாகாத துளி சிலிண்டருக்குள் போய் அரைகுறையாக எரியும். மிச்சம் கரியாகப் பிஸ்டன் தலையிலும், ஹெட்டின் உட்பக்கத்திலும், வால்வு இருக்கையிலும், பிளக் முனையிலும் ஒட்டும். கரி தடித்தால் அது தணல் மாதிரிச் சிவந்து, பொறி வருமுன்னே எண்ணெயைப் பற்றவைக்கும். எஞ்சின் இடிக்கும். சாவியை நிறுத்தினாலும் சில நேரம் தானாக ஓடும். எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கும். மாற்றுவதற்கு ஒயில் எங்கே இருந்தது?

ஆகவே ஹெட் கழற்றிக் கரி சுரண்டுவது வழமையான வேலையாகிவிட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் கைநூல்களில் இதற்கென்று ஒரு அத்தியாயமே உண்டு. அந்த நாளில் சொந்தக்காரரே வீட்டில் செய்யும் பராமரிப்பு அது. ஐயாவின் முறையும் ஏறக்குறைய அதுதான். எஞ்சின் ஆறிய பிறகு நட்டுகளை ஒழுங்குமுறையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரேயடியாகக் கழற்றினால் ஹெட் வளையும். கஸ்கற் கிழிந்தால் புதிது கிடையாது, ஆகவே குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவாராம். மற்றச் சிலிண்டர்களிலும் தண்ணீர் ஓட்டைகளிலும் துணி அடைத்துவிட்டுத்தான் சுரண்டத் தொடங்குவார். இரும்புச் சுரண்டி பிஸ்டனைக் கீறும், ஆகவே கடினமான மரச் சீவல் அல்லது பித்தளைத் துண்டு. றிங் தவாளிப்பில் இறுகிய கரிக்கு உடைந்த பழைய றிங் துண்டே நல்ல ஆயுதம்.

பிஸ்டன் தலையின் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையமாகக் கரியை விட்டுவிடுவாராம். தேய்ந்த எஞ்சினில் அந்த வளையம்தான் ஒயில் மேலே ஏறாமல் பிடிக்கும் என்றார். பழைய ஆங்கிலக் கைநூல்களும் இதையே சொல்கின்றன. அவர் அவற்றைப் படித்தவர் இல்லை.

டீசல் லொறியின் கதை வேறு. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், ஆனால் டீசல் பம்புக்கு வழுவழுப்பு வேண்டும். அதற்காகக் கொஞ்சம் தேங்காயெண்ணெயோ எஞ்சின் ஒயிலோ கலந்தார்கள். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள், ஆக அதுவும் முடியாத காரியம் இல்லை. ஆனால் தாவர எண்ணெய் இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும். முனை அடைபட்டால் எண்ணெய் தூவலாக வராமல் ஒழுகும், ஒழுகினால் மேலும் கரி.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஐயா கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, அந்த ஆண்டுகளில் தான் இரண்டு தடவை ஹெட் கழற்றிய ஒரு லொறி எங்கள் ஆட்களில் ஒருவருடையது என்று சொன்னார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பிறை அப்படியே இருந்ததாம். யார் ஓட்டிக் கொண்டுவந்தார்கள் என்று அப்போது கேட்க முடியாது என்றார். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. லொறியின் சொந்தக்காரர் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். அவருடைய மகனிடம் இதைச் சொன்னோம். மகன் கேட்ட ஒரே கேள்வி, எஞ்சின் நன்றாக ஓடியதா என்பதுதான்.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகி வரிசையில் நின்றோமே, அப்போது சில பொடியன்கள் பழைய வித்தையை மறுபடி எடுத்தார்கள். மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்ட் வரை 87 ரூபாதான், பிறகு ஒரேயடியாக 340. காபரேற்றர் உள்ள பழைய வண்டிகள் சமாளித்தன. புது வண்டிகள் சமாளிக்கவில்லை.

இனித் தண்ணீர் விஷயம். காணொளியில் காட்டுவது முழுப் பொய் இல்லை. பழைய பெற்றோல் எஞ்சினில் துளித் துளியாகத் தண்ணீர் விட்டால் அது ஆவியாகிக் கரியை இளக்கும். ஆனால் பெற்றோல் ஏ40 எஞ்சின் காற்றை ஏழு மடங்களவில்தான் அமுக்கும். டீசல் எஞ்சின் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கும். பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இடம். தண்ணீர் அமுங்காது. கை கொஞ்சம் தவறிக் கூட ஊற்றினால் கொனெக்ரிங் றொட் வளையும். கழன்ற கரிக்கட்டி வால்விலும் ரேபோவிலும் போய் மாட்டலாம். கடனில் வாங்கிய லொறியில் இந்தச் சோதனை வேண்டாம்.

தம்பி, முதலில் காற்று வடியைக் கழற்றிப் பாரும். பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றித் தூவலைச் சோதிக்கக் கொடும். கரும்புகைக்குப் பாதி நேரம் காரணம் அங்கேதான். அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லும். அதன் பிறகும் சரிவராவிட்டால்தான் ஹெட்.

ஐயாவிடம் பேசிவிட்டோம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு லொறியை அவருடைய முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகள் பார்க்க விரும்பினால் வரலாம், பழைய உடுப்போடு. துணி கொஞ்சம் கூடக் கொண்டுவாருங்கள்.