அபூஜஹ்ல் ஏன் வில்லன்? சீறாப்புராணத்தில் எதிர்நிற்போர்

கதைமாந்தரைக் கதாநாயகன், எதிர்நாயகன், வில்லன் எனப் பிரிப்பது நாவல் திறனாய்வில் ஊறிய பழக்கம். இலங்கையின் கல்முனையிலோ நிந்தவூரிலோ ஒரு தமிழ் வகுப்பில் அதே அளவுகோலை, நபிகளின் வரலாற்றைப் பாடும் காப்பியமான சீறாப்புராணத்தின் மீது வைத்தால், முதற் சொல்லிலேயே இடறும். நபிகள் நாயகம் (ஸல்) என்பதிலுள்ள ‘நாயகம்’ பாத்திரத்தின் பெயரன்று, மரியாதைச் சொல். பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் வேண்டும் தன்னிகரற்ற தலைவனின் இடம் இங்கு ஐயமின்றி நிரம்பியிருக்கிறது. ஆகவே சிக்கல் எதிர்நிற்போரிடம்தான். எதிர்த்தவர் எல்லாரும் வில்லன்களா? பிறர் ஈமான் (இறைநம்பிக்கை) கொள்ளும் வழியை அடைத்து நிற்பவனே சீறாவின் வில்லன் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உமறு (ரழி). நபிகளைக் கொல்ல வாளோடு புறப்பட்டவர், தங்கை பாத்திமாவின் வீட்டில் இறைவசனம் கேட்டு மனம் மாறுகிறார். செயலை மட்டும் பார்த்தால், புறப்படும்போது அவருக்கும், நபிகளை எதிர்த்த குறைஷித் தலைவன் அபூஜஹ்லுக்கும் வேறுபாடில்லை. இருவரில் ஒருவரைக் கொண்டு இஸ்லாத்துக்கு வலுவூட்டுமாறு நபிகள் இறைஞ்சியதாக ஹதீஸ் மரபும் சொல்கிறது. அந்த வேண்டுதலில் இருவரும் ஒரே தட்டில் நிற்கின்றனர். பகைமையின் அளவு வில்லனைக் காட்டாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘மதியை அழைப்பித்த படலம்’ இதை இன்னும் கூர்மையாக்குகிறது. நபிகளைச் சோதிக்க ஹபீபு அரசரை வரவழைப்பவன் அபூஜஹ்ல். நபிகளின் அற்புதமாகப் பிளந்த மதியை இருவரும் காண்கின்றனர். அரசர் ஈமான் கொள்கிறார். அழைத்தவனோ சூனியம் என்கிறான். சாட்சி ஒன்று, முடிவு இரண்டு. ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்து வேடனும், நபிகளின் பிணையில் சென்ற மான் திரும்பி வந்ததைக் கண்டு மனம் மாறியவனே. குறைஷியரிடையே ‘அபுல் ஹகம்’, அறிவின் தந்தை, எனப் பெயர் பெற்றிருந்தவன் ‘அறியாமையின் தந்தை’ ஆனது அறிவு இல்லாமையால் அல்ல. அறிந்ததற்கு இணங்க மறுத்ததால்.

அப்படியானால் ஈமான் கொள்ளாதவர் யாவரும் வில்லன்களா? இங்கேதான் நபிகளின் பெரியதந்தை அபூதாலிப் நம்மை நிறுத்துகிறார். ஸுன்னி மரபின்படி அவர் கலிமாச் சொல்லாமலே மறைந்தவர். ஆயினும் இறுதிவரை தம்பி மகனுக்கு அரணாக நின்றவர். அவருடைய மரணப் படுக்கையருகே முன்னோர் மார்க்கத்தை விடாதே என்று தடுத்தவர்களில் அபூஜஹ்லும் இருந்தான் என்கிறது ஹதீஸ். ஒருவர் தாம் நுழையாவிட்டாலும் வாசலைக் காத்தார்; மற்றவன் தானும் நுழையவில்லை, பிறரையும் விடவில்லை. ‘எதிர்நாயகன்’ என்ற பெயர் அபூதாலிபுக்கும் பொருந்தாது, உமறுக்கும் பொருந்தாது. மூன்று பெட்டிகளில் ஒன்று காலியாகவே கிடக்கிறது.

ஹிதாயத் (நேர்வழி) இறைவன் கையில் இருக்கையில் மனிதனை வில்லன் என்பது தகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கு நாம் எடைபோடுவது மறுமைத் தீர்ப்பையன்று, காப்பியத்தில் ஒருவன் செய்யும் வினையை. அபூஜஹ்லின் வினை பத்றுப் போரில், 624இல், அவனோடு முடிகிறது.

மற்றொரு குறைஷித் தலைவரான அபூஸுப்யானுடைய வினை அப்படி முடியவில்லை. 92 படலங்களும் 5,027 பாடல்களும் கொண்ட சீறா, உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. 630இன் மக்கா வெற்றிக்கு அது வரவில்லை. எனவே நூலுக்குள் அவர் உஹது போன்ற களங்களின் எதிர்ப்படைத் தலைவர் மட்டுமே. ஆனால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற காலத்தில் மௌலிது கேட்டு வளர்ந்த ஒருவர், அபூஸுப்யான் பின்னர் ஸஹாபி (நபித்தோழர்) ஆனதை அறிந்தே நூலைத் திறக்கிறார். ஏட்டில் பகைவராக நிற்பவரை அந்த வாசகர் பகைவர் என்று முடித்து எழுத மாட்டார். பாத்திரங்களைப் பட்டியலிடும் மாணவரும் அந்தப் பெயருக்கு நேரே இடம் விட்டு வைப்பதே சீறாவுக்குச் செய்யும் நேர்மை.