ஆப்பிரிக்க எருதுத் தவளை வளர்ப்பு

ஆப்பிரிக்க எருதுத் தவளை வளர்ப்பு என்பது, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பிக்சிசெஃபாலசு அட்சுபெர்சசு என்னும் பெரிய தவளையை வீட்டில் செல்லப் பிராணியாகப் பேணுவதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இவ்வழக்கம் பரவலாகக் காணப்படுகின்றது. விற்பனைக்கு வரும் குஞ்சு பெரும்பாலும் ஒரு நாணயத்தின் அளவே இருக்கும். ஆனால் முழு வளர்ச்சியடைந்த ஆண் தவளை 20 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டு, ஒரு கிலோகிராமுக்கும் அதிகமான எடையை எட்டக்கூடியது. நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் உயிர்வாழும். ஆகவே இதன் இருப்பிடம், உணவு, செலவு ஆகியவற்றைக் குஞ்சின் அளவைக் கொண்டு அல்லாமல், முதிர்ந்த தவளையின் அளவையும் வாழ்நாளையும் கொண்டே திட்டமிட வேண்டியுள்ளது.

பெயர்

இவ்வினத்தை 1838 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் யோகான் யாக்கோப் வொன் சுடி விவரித்தார். பேரினப் பெயர், பெட்டி, தலை என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்தது. அப்பெயரைச் சுருக்கி வணிகர்கள் இதனைப் 'பிக்சி தவளை' என்பர். ஆங்கில நாட்டுப்புறக் கதைகளில் பிக்சி என்பது குட்டித் தேவதையைக் குறிக்கும். பெயரைக் கேட்டு இதனைச் சிறிய தவளை என எண்ணிவிடக் கூடாது.

அமெரிக்க எருதுத் தவளையும், தெற்காசியாவில் வயல்வெளிகளில் காணப்படும் இந்திய எருதுத் தவளையும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இதே பேரினத்தைச் சேர்ந்த, உருவில் சிறிய பிக்சிசெஃபாலசு எடுலிசு என்னும் இனமும் சில வேளைகளில் இப்பெயரிலேயே விற்கப்படுகின்றது. குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

இயல்பு

பெரும்பாலான தவளையினங்களில் பெண்ணே பெரியது. இதில் ஆண் பெரியது. கீழ்த்தாடையில் பற்களைப் போன்ற எலும்பு நீட்சிகள் உள்ளன. இவற்றால் கடிபட்டால் தோல் கிழிந்து குருதி வரும். வாயில் அடங்கும் எதையும் விழுங்க முயலும் இயல்புடையதால், தன்னினத்தின் சிறிய தவளைகளையும் இது உண்ணும். எனவே ஒரு தொட்டியில் ஒரு தவளையை மட்டுமே வைக்க வேண்டும். இவ்வளவு முரட்டுத்தனமான ஆண் தவளை தலைப்பிரட்டைகளைக் காவல் காப்பதும், குட்டை வற்றத் தொடங்கினால் பின்கால்களால் சேற்றில் வாய்க்கால் தோண்டி அவற்றை ஆழமான நீருக்குக் கொண்டு சேர்ப்பதும் வியப்புக்குரியன.

தாயகத்தில் வறண்ட மாதங்களை இது மண்ணுக்கடியில் கழிக்கின்றது. உதிராமல் அடுக்கடுக்காகத் தங்கும் தோல் ஓர் உறையாகி உடலின் ஈரத்தைக் காக்கின்றது. மழை வந்ததும் உறையைக் கிழித்து வெளியேறி, குறுகிய காலத்தில் பெருமளவு உண்டு கொழுக்கும். வளர்ப்புத் தவளைக்கு ஏற்படும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இவ்வியல்பே வேராகும். கிடைக்கும்போது உண்டுவிட வேண்டும் என்பதே அதன் உடல் அறிந்த ஒழுங்கு. தொட்டியிலோ உணவு ஆண்டு முழுவதும் கிடைக்கின்றது.

இருப்பிடம்

முதிர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 75 லிட்டர் கொள்ளளவுள்ள கண்ணாடித் தொட்டியைக் குறைந்த அளவாகக் கொள்வர். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உடைய தொட்டி இதனினும் மேலானது. இத்தவளை ஏறுவதில்லை என்பதால் உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். குஞ்சை முதலில் சிறிய பெட்டியில் வைத்தால் அது இரையைக் கண்டுபிடிப்பது எளிதாகும். ஆனால் அது விரைவாக வளர்வதால், பெரிய தொட்டிக்கான இடத்தையும் பணத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

தொட்டியின் அடியில் தவளை முழுவதும் புதையும் அளவுக்கு, 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், ஈரமான தென்னை நார்த்தூளைப் பரப்ப வேண்டும். (பல நாடுகளில் கட்டிகளாக விற்கப்படும் இத்தூள் பெரும்பாலும் இலங்கையிலிருந்தும் பொள்ளாச்சி போன்ற தமிழகப் பகுதிகளிலிருந்தும் செல்வதாகும்.) சரளைக்கல் கூடாது. இரையோடு சேர்த்து விழுங்கப்படும் கல் குடலை அடைத்துவிடும்.

பகலில் 24 முதல் 29 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை ஏற்றது. வெப்பத் தகட்டைத் தொட்டியின் பக்கச் சுவரில் ஒட்ட வேண்டுமேயன்றி அடியில் ஒட்டக்கூடாது. வெப்பம் மிகுந்தால் மண்ணைத் தோண்டி இறங்குவதே இத்தவளை அறிந்த தற்காப்பு. அடியில் தகடு இருப்பின், வெப்பத்திலிருந்து தப்ப இறங்கும் தவளை வெப்பத்தை நோக்கியே சென்று தோல் வெந்து போகும். தகட்டுடன் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி இணைப்பது கட்டாயம் எனலாம். தொட்டி குளிர்ந்தாலோ காய்ந்தாலோ தவளை புதைந்து உறக்கத்தில் ஆழ்ந்துவிடும்.

நீர்க்கிண்ணம் அகன்றதாகவும், தவளை அமர்ந்தால் தலை எளிதில் வெளியே நிற்கும் அளவுக்கு ஆழம் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். இது வாயால் நீர் பருகுவதில்லை. தோல் வழியாகவே உறிஞ்சுகின்றது. அதே கிண்ணத்தில்தான் பெரும்பாலும் கழிக்கவும் செய்யும். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீண்டும் தோல் வழியாக உடலுக்குள் செல்வதால், நீரை நாள்தோறும் மாற்றுவது இன்றியமையாதது. குழாய் நீரிலுள்ள குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் பெருமளவு நீங்கும். குளோரமின் அவ்வாறு நீங்காது. மீன் தொட்டிகளுக்கு விற்கப்படும் நீர் பதப்படுத்தியைக் கலக்க வேண்டும்.

உணவு

மண்புழு, சிள்வண்டு, உணவுக்கெனவே வளர்க்கப்படும் கரப்பான் பூச்சி ஆகியவை முதன்மை உணவாகும். குஞ்சுக்கு நாள்தோறும் உணவளிக்கலாம். முதிர்ந்ததற்கு வாரம் இருமுறை போதும். இரையின் அகலம் தவளையின் இரு கண்களுக்கு இடையேயுள்ள தொலைவைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பானது. தோட்டத்தில் பிடித்த பூச்சிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கக்கூடும்.

பூச்சிகளில் கால்சியம் குறைவு. எனவே கால்சியமும் உயிர்ச்சத்து டி3-உம் கலந்த பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டும். தவறினால் எலும்புகள் மென்மையாகித் தாடை வளையும். விரைவாக வளரும் குஞ்சுகளே இதனால் மிகவும் பாதிக்கப்படுகின்றன.

பெரிய தவளை எலியை விழுங்குவதைக் காட்டும் காட்சிகளால் எலியே இதன் இயல்பான உணவு என்ற எண்ணம் பரவியுள்ளது. எப்போதாவது ஒன்று கொடுப்பதால் தீங்கில்லை. அடிக்கடி கொடுத்தால் உடல் பருமனும், கண்ணின் கருவிழிப்படலத்தில் கொழுப்புப் படிதலும் ஏற்படும். படிந்த கொழுப்பு பார்வையைக் கெடுக்கும். பார்வையை இழந்த தவளையால் இரையைத் தேடிப் பிடிக்க இயலாது. கொடுத்ததை எல்லாம் உண்பது பசியின் அடையாளம் அன்று.

செலவு

விலை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐக்கிய அமெரிக்காவில் குஞ்சின் விலை சில பத்து டாலர்கள்தாம்; மொத்தச் செலவில் இது மிகச் சிறிய பகுதி. தொட்டி, மூடி, வெப்பத் தகடு, கட்டுப்படுத்தி, வெப்பமானி ஆகியவை சேர்ந்து பெரும்பாலும் குஞ்சின் விலையைத் தாண்டிவிடும்.

தொடர்செலவைப் பணமாக அன்றி அளவாகக் கணக்கிட்டால், எந்த ஊரின் விலைக்கும் அதனைப் பொருத்திக்கொள்ளலாம். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 10 பூச்சிகள் எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,040 பூச்சிகள் தேவை. இருபது ஆண்டுகளில் இது 20,800 ஆகும். 16 வாட் தகடு நாளொன்றுக்கு 12 மணி நேரம் இயங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 அலகு மின்சாரம் செலவாகும். 90-க்கு 45 சென்டிமீட்டர் தொட்டியில் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப ஏறத்தாழ 49 லிட்டர் நார்த்தூள் வேண்டும். இரு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 290 லிட்டருக்குச் சற்று மேலாகும். பூச்சிகளை வீட்டிலேயே வளர்ப்போர் உணவுச் செலவைப் பெரிதும் குறைக்கின்றனர். ஆனால் வீட்டிலுள்ள மற்றவர்கள் கரப்பான் பெட்டிக்கு இசைவதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது மருத்துவச் செலவாகும். தவளைக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சிலரே. ஒரு முறை காட்டும் கட்டணமே தவளையின் விலையை மிஞ்சக்கூடும். குடல் அடைப்புக்கு அறுவை செய்ய நேர்ந்தால் செலவு பன்மடங்காகும். வாங்குவதற்கு முன்பே அத்தகைய மருத்துவர் அருகில் உள்ளாரா எனக் கேட்டறிவது தக்கது.

நோயும் சட்டமும்

தவளைகள் நோய்க்குறி எதுவுமின்றி சால்மோனெல்லா நுண்ணுயிரைச் சுமக்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை, வளர்ப்புக் குள்ளத் தவளைகளிலிருந்து பரவிய சால்மோனெல்லாத் தொற்றால் 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவதைத் தவிர்த்து, தவளையைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

பிரித்தானியாவில் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், முதுகெலும்புள்ள எந்த விலங்கை வளர்ப்பவரும் அதற்கேற்ற சூழலையும் உணவையும் அளிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தவளையும் இதில் அடங்கும்.

வளர்க்க இயலாமற்போன தவளையை வெளியே விடுவது பெரும்பாலான நாடுகளில் குற்றமாகும். தவளைகளின் தோலைத் தாக்கும், 1999 ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை பல நாடுகளுக்குப் பரவியதில் தவளை வணிகத்துக்கும் பங்குண்டு. எனவே தொட்டியின் கழிவுநீரையும் குளம், ஓடை ஆகியவற்றில் ஊற்றலாகாது. மாணவப் பருவத்தில் வாங்கப்படும் தவளை, அவர் படிப்பு முடித்து வேலைக்காக வேறு ஊர் செல்லும் காலத்திலும் உயிரோடிருக்கும். அப்போது அதனை ஏற்கக்கூடிய மற்றொருவரையோ விலங்குக் காப்பகத்தையோ முன்னரே அறிந்து வைத்திருத்தல் வேண்டும்; முதிர்ந்த பெருந்தவளைக்கு இடமளிக்கும் காப்பகங்கள் குறைவு.